நடக்காத போட்டிக்கும் நம்பர்

என் வீட்டுக்காரருடைய அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது எரிச்சல்தான். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் குறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அந்த மனிதரிடம் எது நல்லது எது குறை என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே குணம். அந்தக் குணத்தோடு பதின்மூன்று வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள் நான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. புருஷனுடைய அண்ணனை மூத்தார் என்போம். அவர் பெயரை வாயில் எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நேரில் பேச வேண்டியிருந்தால் மாமா என்பேன், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. இப்போது பெயரைச் சொன்னால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் வாய் வரமாட்டேன் என்கிறது.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையில், பஞ்சாலைக்குப் பின்புறம் இருந்த தெருவில் எங்கள் வீடு. மாமியார், மூத்தார், நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்தார் ஆலையில் மெக்கானிக். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் போய் செர்த்திஃபிக்கா என்ற படிப்புச் சான்றிதழ் வாங்கியவர். அந்தப் படிப்பில் மிச்சமாக அவரிடம் இருந்தது அட்டை போன ஒரு பிரெஞ்சு அகராதி. அதற்குள் ஆயிரக்கணக்கான வார்த்தைகள் இருந்திருக்கும். மனிதர் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: ஒலிம்பியாத்.

நாம் ஒலிம்பிக் என்போம். பேப்பர்காரர்கள் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று ஒலிம்பியாட் என்று போடுவார்கள். எல்லாருக்கும் அது நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற விளையாட்டு. மூத்தாருக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல் விளையாட்டைச் சொல்வது இல்லை. ஒரு விளையாட்டு தொடங்கி அடுத்த விளையாட்டு வரும்வரை ஓடுகிறதே நாலு வருஷம், அந்தக் காலத்துக்குத்தான் ஒலிம்பியாத் என்று பெயர். கிரேக்கர்கள் தங்கள் வருஷங்களை அப்படித்தான் எண்ணினார்களாம். நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறி, ஆடை படிந்து, எறும்பு ஏறிவிடும்.

கல்யாணமாகி வந்த புதிதில், இவ்வளவு படித்த மூத்தார் நம் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாதம் தாங்கியது அந்தப் பெருமை. நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உடைந்த பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டி எங்களுக்குக் கொடுப்பார்கள். சாயங்காலம் அதைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தால், ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த ரெண்டு முனை இருக்கு பாரும்மா. ஜனங்க இந்த முனையத்தான் பாக்குது. நடுவுல இருக்கறதத்தான் நாம தின்றோம்" என்று ஆரம்பிப்பார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். நகரவும் முடியாது, கேட்கவும் முடியாது. எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்த நாலு வருஷத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"விடு. அண்ணன் அப்படித்தான்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

தெருவிலும் இதே கதைதான். ஒருமுறை சலூனில் யாரோ பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்களாம். "ஒலிம்பியாட்டில் நம் வீரர்கள்" என்று வந்ததும், ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் சோப்பு நுரையுமாக இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சவரம் செய்துகொண்டிருந்தவர், "கத்தி கையில இருக்கு, உக்காருங்க" என்று கெஞ்சியிருக்கிறார். இவர் உட்காரவில்லை. வாசித்த ஆள் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போக, இவர் பாதி முகத்தோடு அவன் பின்னாலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டார். மிச்சப் பாதியை என் மாமியார் திட்டத் திட்ட, கிணற்றடியில் அவரே மழித்துக்கொண்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கும் அதே வார்த்தைதான் காரணம் என்பது மாமியாருடைய கட்சி. முப்பது வயதில் வில்லியனூர்ப் பக்கம் பெண் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா மரியாதையாக, "மாப்பிள்ளைக்கு வயசு எத்தனை?" என்று கேட்டார். இவர் நாலு வருஷத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, "ஏழரை" என்றார். அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் அந்த மனிதர் எழுந்து உள்ளே போய்விட்டார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் சனியனைக் கூப்பிட்டால் எவன் பெண் கொடுப்பான்? அதற்குப் பிறகு பெண் பார்க்கவும் போகவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமான மறு வருஷம் நான் உண்டாகியிருந்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. கூடத்தில் கோலம் போட்டு, மணையில் உட்காரவைத்து, தெருப் பெண்கள் முழங்கைவரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். ஆடி மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆயிற்று. குழந்தை அழவில்லை. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். நான் பார்க்கக் கேட்டேன். "வேணாம்மா, பாத்தா மறக்காது" என்று துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். நான் அந்த முகத்தைப் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "அது கணக்குல சேராது. அடுத்தது நல்லபடியா பொறக்கும் பாரு." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கோ பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது, இவர்கள் கணக்கில் சேராது என்கிறார்களே, அப்படியானால் நான் எதைச் சுமந்தேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. மாண்ட்ரியாலில் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம் அது. வானொலியில் செய்தி வாசிப்பவர் ஒலிம்பியாட், ஒலிம்பியாட் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மூத்தார் அந்த முறை யாரையும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போனால் ஒரு நம்பிக்கை, வந்துவிட்டால் ஒரு அழுகை. கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பிரசவ லீவில் போய்த் திரும்பி வந்தார்கள். தெருவில் என்னைப் பார்த்து, "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பதை ஒரு மரியாதையாகவே வைத்திருந்தார்கள். மாமியார் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சின்னவனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று சொந்தக்காரி ஒருத்தியிடம் பேசியது என் காதுக்கு வந்தது.

அன்றைக்கு நான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மூத்தார் தண்ணீர் குடிக்க வந்தார். அழுகிறவளைப் பார்த்தால் மனிதன் என்ன செய்வான்? பேசாமல் திரும்பிப் போவான். இல்லாவிட்டால் அழாதே என்பான். இவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "ஒலிம்பியாத்ங்கறது போட்டி இல்லம்மா. போட்டிக்கும் போட்டிக்கும் நடுவுல இருக்கறது. நடுவுல இருக்கறதுக்குத்தான் அவன் பேரு வெச்சான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் இங்கே வயிறு எரிந்து உட்கார்ந்திருக்கிறேன், இவருக்குக் கிரேக்கக்காரன் கதை. "மாமா, தண்ணி குடிச்சிட்டீங்கன்னா செம்ப வெச்சிட்டுப் போங்க" என்றேன். அவரிடம் அவ்வளவு காரமாக அதற்குமுன் பேசியதில்லை. வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் பெத்தாங் சண்டையும் வந்தது. இரும்புக் குண்டை உருட்டி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று ஆடுகிற பிரெஞ்சுக்காரர் ஆட்டம். எங்கள் தெருவில் ஆலைக்காரர்கள் நிறையப் பேர் ஆடுவார்கள். எங்கள் தெருவுக்கும் பக்கத்திலிருந்த குருசுக்குப்பத்துக்கும் நாலு வருஷத்துக்கு ஒரு பந்தயம் என்று ஏற்பாடு செய்தவர் மூத்தார். வருஷா வருஷம் வைக்கலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த வார்த்தைக்கு வேலை இல்லாமல் போய்விடுமே, விடுவாரா?

இரண்டு பந்தயம் ஒழுங்காக நடந்திருந்தது. மூன்றாவது வர வேண்டிய வருஷம் ஆலையில் கதவடைப்பு. சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு வீடு அடுப்பு அணைந்து கிடந்தபோது குண்டு உருட்ட யாருக்கு மனசு வரும்? பந்தயம் நடக்கவில்லை. அது நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முந்தைய கதை. அடுத்த நாலு வருஷம் முடிந்து பந்தயம் வந்தது. காலையில் தெருமுனையில் துணி பேனர் கட்டினார்கள். அதில் 'நான்காவது பெத்தாங் பந்தயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

குருசுக்குப்பத்து அணித் தலைவர் கடலில் பெரிய வலை போடுகிறவர். கட்டுமஸ்தான ஆள். பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குண்டைக் கீழே வைத்தார்.

"மூணாவது எப்ப நடந்துச்சு?" என்றார்.

"நடக்கலை" என்றார் மூத்தார்.

"நடக்காததுக்கு நம்பரா? எங்களுக்குத் தெரியாம ஆடிட்டு, கெலிச்சோம்னு எழுதி வெச்சிக்கினீங்களா?"

"நோன். இல்ல. யாரும் கெலிக்கலை. யாரும் ஆடலை. மூணாவது போச்சு, அவ்ளோதான். இது நாலாவது."

"ஆடுனது ரெண்டு. இது மூணு. சின்னப் பிள்ளைகூட எண்ணிடும்."

"ரெண்டாவது முடிஞ்சி எத்தினி வருஷம் ஆச்சு? அந்த நடுவுல போன வருஷத்த இன்னா பண்ணச் சொல்றீங்க, கடல்ல கொட்டிடலாமா? ஆலை மூடிக் கெடந்துது. பிள்ளைங்க கஞ்சிக்கு அழுதுது. அதெல்லாம் நடந்துதா இல்லியா? ஆட்டந்தான நடக்கலை?"

உலகப் போர் நடந்தபோது ஒலிம்பிக் போட்டி வைக்கவில்லை, ஆனாலும் அந்த நம்பர்களை விட்டுவிடாமல் எண்ணினார்கள் என்று அவர் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். எதிர்க்கட்சிக்கு இது எதுவும் ஏறவில்லை. நடக்காத பந்தயத்தில் முத்தியால்பேட்டைக்காரன் தனக்கு ஒரு வெற்றியைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான் என்ற ஒன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு குடம் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்கிறேன். ஆடவந்தவர்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பேனரில் அந்த ஒரு வார்த்தையின்மேல் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரே கெஞ்சினார். மூத்தார் பேனருக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

கடைசியில் அந்த வலைக்காரர்தான் சலித்துப்போய், "நாலோ நாப்பதோ, ஆடித் தொலைங்க" என்றார். ஆடினார்கள். எங்கள் தெரு தோற்றது. வெயிலில் நின்று நின்று என் வீட்டுக்காரருடைய கை சோர்ந்துபோய்விட்டது, குறி தப்பிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் மூத்தாரைத் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். அவர் மட்டும் பேனரைக் கழற்றிப் பத்திரமாக மடித்துக்கொண்டு வந்தார். தோற்றதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த ஆளைக் குடத்துத் தண்ணீரில் முக்கினால் என்ன என்று இருந்தது.

மாஸ்கோவில் போட்டி வந்த வருஷம் நான் மறுபடி உண்டானேன். எத்தனையோ நாடுகள் போகமாட்டோம் என்று நின்றுவிட்ட வருஷம் அது. மூத்தார் வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, வராதவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் என்னை வேலைக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். என்னைத் தாங்கித் தாங்கிப் பார்த்தார். இன்னொரு பெண் பார்க்கலாமா என்று பேசிய அதே மனுஷிதான், நான் குனிந்தால் பதறிப்போவார். மனசில் பயம் அவ்வளவு.

ஆடி முடியப்போகிற சமயம், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார்.

"ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து வளகாப்பு போட்டுடலாம்."

"அதான் போட்டாச்சேம்மா" என்றார் மூத்தார்.

"எப்படா போட்டோம்?"

"போன தடவ. இதே கூடத்துல."

வளைகாப்பு என்பது முதல் பிள்ளைக்குத்தான் செய்வது. இரண்டாவதுக்குச் செய்வதில்லை. இது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். மாமியார் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது கணக்குல இல்லடா. இதான் தலைச்சன். அப்படித்தான் சொல்லணும், அப்படித்தான் செய்யணும். போனதப் பேசினா வர்றதும் நிக்காது."

"வளையல் போடு, நான் வேணாங்கல. கழுத்துவரைக்கும் போடு. மொதப் பிள்ளைன்னு சொல்லிப் போடாத."

"உன் நாக்குல ஏண்டா இப்படி வெஷம் வெச்சிக்கினு திரியற?"

மூத்தார் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. நாலு வருஷம் கழித்து ஒரு நல்லது நடக்கப்போகிறது. நான் மணையில் உட்கார வேண்டும், கை நிறைய வளையல் போட்டுக்கொள்ள வேண்டும், இத்தனை நாள் விசேஷம் இல்லையா என்று கேட்டவர்கள் எல்லாம் வந்து பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு விலையாக, முகம் பார்க்காத அந்தப் பெண்ணை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை நான் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். இந்த மனிதர் யோசிக்கவைத்துவிட்டார். பொறுக்க முடியவில்லை.

ஆவணியில் வளைகாப்பு நடந்தது. தெருப் பெண்கள் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். மாமியார் தாலி அறுத்தவர் என்பதால் கூடத்துப் பக்கம் வரவில்லை. அடுக்களையிலிருந்தபடியே புளிசாதம், எலுமிச்சைசாதம் என்று எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். மூத்தார் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று எனக்கு நிம்மதி.

எதிர்வீட்டு அக்கா சந்தனம் பூசி, முதல் வளையலை என் கையில் ஏற்றினாள். "தலைச்சன் ஆம்பளப் பிள்ளையா பொறக்கணும்" என்று வாழ்த்தினாள். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நான் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்ந்தபோது வாசலில் மூத்தார் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"இது ரெண்டாவதும்மா" என்றார்.

உரக்கக்கூடச் சொல்லவில்லை. சலூனில் சொல்கிற மாதிரி, பந்தயத்தில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எதிர்வீட்டு அக்காவின் கையில் அடுத்த வளையல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடத்திலேயே அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றியது பொய் இல்லை.

அடுக்களையிலிருந்து மாமியார் வந்துவிட்டார். வரக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "நல்ல நாளும் அதுவுமா உனக்குப் புத்தி இல்ல? வயித்துப் பிள்ளைக்காரி முன்னாடி எதப் பேசறதுன்னு இல்ல? அது பொறக்கவே இல்லடா. எத்தினி தடவ சொல்றது, அது இல்லடா."

"நான்தானம்மா தூக்கினு போனேன்" என்றார் அவர். "தம்பியால முடியல. சுடுகாடு வரைக்கும் நான்தான் கையில வெச்சிருந்தேன். துணி வெலகிச்சு. மொகம் இவள மாதிரியே இருந்துச்சு. நான் தூக்குனத இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நாலு வருஷமாக ஒரே வீட்டில் நான் சோறு போட்டு, உடைந்த பிஸ்கட் வைத்து, எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதருக்கு என் பெண்ணின் முகம் தெரிந்திருக்கிறது. நான் அழ ஆரம்பித்தேன். மணையில் உட்கார்ந்து அழக்கூடாது என்பார்கள். அழுதேன். "ரெண்டாவதுதான், இது எனக்கு ரெண்டாவதுதான்" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று நினைவில்லை.

மாமியார் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கும் ஒண்ணு போச்சு. இவனுக்கு முன்னாடி. ஆம்பளப் பிள்ள. ஒரு ராத்திரி இருந்துச்சு. இவன் பொறந்ததும், இதான் தலைச்சன்னு சொல்லுன்னாங்க. சொன்னேன். ஊரே சொல்லுது, நானும் சொல்லிக்கினே இருக்கேன்."

"தெரியும்மா" என்றார் மூத்தார்.

"யாருடா சொன்னா?"

"அப்பாதான். சாகறதுக்கு முன்னாடி சொல்லிச்சு. நீ வருத்தப்படுவேன்னு கேக்கல."

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்லுவேன்? இத்தனை வருஷம் பாதி முகம் மழித்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளையை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "எனக்கு ரெண்டு போச்சு, நடுவுல" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டு அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, கைய நீட்டு. ரெண்டாவதுக்கும் வளையல் போட்டா சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்றாள். நீட்டினேன். மாமியாரை யாரும் அடுக்களைக்குப் போகச் சொல்லவில்லை.

மூத்தார் தூக்கைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு, பசிக்கிறது, எனக்குச் சோறு எங்கே என்று கேட்டார். அவ்வளவுதான் மனிதர். இரண்டு நாள் நான் அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை. அத்தனை பேர் நடுவில் என்னை அழவைத்துவிட்டாரே என்ற கோபம் உண்மையாகவே இருந்தது. அதே இரண்டு நாளில்தான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் வாய் திறந்தார். தன்னால் தூக்க முடியாமல் போனதைச் சொன்னார். நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அப்போதுதான்.

ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தது. வீறிட்டு அழுதாள். மூத்தார் ஆஸ்பத்திரிக்கு வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, "அக்கா ஜாடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

அதனால் அந்த மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். என் பெண் பள்ளிக்கூடத்தில் 'ஒலிம்பியாட் என்றால் விளையாட்டுப் போட்டி' என்று எழுதிக்கொண்டு வந்தபோது, வாத்தியாரைப் பார்த்துப் பேசவேண்டும் என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்காரவைத்தோம். அப்போதும் எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்குள் வேறு ஒன்றும் சேர்ந்துவிட்டிருந்தது. பாசம் என்று சொன்னால் அவரே ஏதாவது திருத்தம் சொல்லுவார்.

சியோலில் போட்டி தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஆலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் கிடத்தினோம். மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. கண் வெறித்துக்கொண்டிருந்தது. அழவைத்தால்தான் ஆகும் என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஒருத்தி மாமியாரின் தோளைக் கட்டிக்கொண்டு, தலைச்சனைப் பறிகொடுத்துவிட்டாயே, தலைச்சன் போனால் தலையே போனதே என்று இழுத்தாள்.

மாமியார் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தலைச்சன் இல்லடி. தலைச்சன் எப்பவோ போயிட்டான். இவன் எனக்கு ரெண்டாவது."

சொன்னதும் அவருக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பாடிக்கொண்டிருந்தவள் திகைத்துப்போய் எங்கள் முகங்களைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டாவது என்று மாற்றி, முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள்.